பெரிய படத்துக்கு ஒரு கடிதம்

மார்ச் 7, 1960. திங்கள்.

காலை எட்டுக்கே வெயில். ஜாலான் புசார் திடலோரம் எக்ஸ்ரே வண்டியின் முதல் நாள். எதிர்பார்த்ததைவிடப் பெருங்கூட்டம். காரணம் என் தமிழ்.

சுகாதாரத் துறையின் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நான் எழுதிக் கொடுத்த சுவரொட்டி: ‘காசநோயை முன்கூட்டியே கண்டறிய, அனைவருக்கும் இலவசமாக மார்புப் படம் எடுக்கப்படும்.’ மேலிடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர், பெண்கள் நடமாடும் தெருவில் ‘மார்பு’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டக்கூடாது என்று அதை மட்டும் அடித்துவிட்டார். அச்சகத்தில் இடம் போதாமல் காசநோய் பொடியெழுத்தாகி அடியில் இறங்கிற்று. சுவரில் ஏறியது: ‘அனைவருக்கும் இலவசப் படம். குடும்பத்துடன் வருக.’

குடும்பத்துடன் வந்தார்கள். பாய், தண்ணீர்க் கூஜா, கைக்குழந்தை. கச்சாங் பூத்தே கடலை விற்பவர் தட்டோடு வந்து நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டார். தலை நிறையப் பூ வைத்த ஓர் அம்மாள் என்னிடம்:

“யாரு நடிச்சிருக்கா?”

“நீங்கதாம்மா.”

“கேலி பண்ணாதீங்க லா. பாட்டு எத்தன?”

விளக்கினேன். பாதிப் பேர் திட்டிவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் வந்தது வந்துவிட்டோம் என்று வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் திட்டமிட்டிருந்தால் இத்தனை பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

ஜனங்களின் பயம் தெளிய, முதலில் ஊழியர்கள் படம் எடுத்துக்கொண்டோம். நானும். ஆபரேட்டர் ஓங் நான் சொல்லிக் கொடுத்த தமிழையே என்மேல் பிரயோகித்தான். “மூச்சி இலு. பிடி. விது.” குளிர்ந்த தகடு. இரண்டு நொடி. ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் நானாவும் வந்தார். நோன்பு. சந்தேகம்.

“உள்ளுக்குள்ள வெளிச்சம் போவுதே தம்பி, நோன்பு முறிஞ்சிடாதா?”

எனக்குத் தெரியவில்லை. சுகாதாரத் துறைக்கும் தெரியவில்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் அனுப்பிக் கேட்டு, முறியாது என்று பதில் வந்த பிறகே சட்டையைக் கழற்றினார். மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது இருமினார். மறுபடி பிடித்தார்.

வாங்க வேண்டியது: பேனா மை, மகள் மணிக்கு ரிப்பன், முருங்கைக்காய்.

மார்ச் 9. புதன்.

சுவா சூ காங். காய்கறித் தோட்டம், பன்றிக் கொட்டில், சீன விவசாயிகள். தமிழ் விளக்கம் தரும்படி உத்தரவு. அங்கிருந்த தமிழர்கள்: நான். எனக்கு விளக்கிக்கொண்டேன்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் டாக்டர் அம்மாளின் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கினேன். சீனப் பெண்மணி, என்னைவிட இளையவர், சிரிப்பதென்றால் முன் அனுமதி வாங்குபவர். நோயில்லாதவர்களையே வரிசையில் நிறுத்தி நோய் தேடும் இந்த ‘ஸ்கிரீனிங்’ வேலைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள். அகராதி ‘திரை’ என்கிறது. எனக்கு முன் இருந்தவர் கோப்பில் ‘திரையிடல்’ என்று எழுதி வைத்திருக்கிறார். திங்கட்கிழமைக்குப் பிறகு இன்னொரு சினிமாச் சொல்லைத் தெருவில் விட எனக்குத் துணிவில்லை.

‘சலித்தெடுத்தல்’ என்றேன். மாவு சலிப்பதைக் கையால் ஆட்டிக் காட்டினேன். அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. சலித்தல் என்றால் அலுத்துப்போதல் என்றும் பொருள் என்பதைச் சொல்லவில்லை. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டும் பொருந்தும்.

அம்மாள் சல்லடையைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். சல்லடையின் கண் பெரிதானால் நல்ல மாவோடு கட்டியும் கீழே இறங்கிவிடும். கண் சிறிதானால் கட்டியோடு நல்ல மாவும் மேலே நின்றுவிடும். வண்டியில் எடுப்பது சின்னப் படம். அதில் சற்றே ஐயம் தட்டினாலும் ஆளைத் திரும்ப அழைத்துப் பெரிய படம் எடுக்கிறோம். அது மேலே நின்றதைக் கையால் தேய்த்துப் பார்ப்பது. நிற்பதில் பெரும்பாலும் நல்ல மாவுதான்.

“இரண்டு தவறும் செய்யாத சல்லடை?” என்றேன்.

“யாரும் இன்னும் செய்யவில்லை. எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்று மட்டும் நாம் முடிவு செய்யலாம்.”

“நல்ல மாவை வீணாகப் பயமுறுத்துகிறோமே?”

“பயப்படாதபடி கடிதம் எழுதத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.”

எழுதியிருக்கிறேன். போன மாதமே இரண்டு கடிதங்கள் அச்சாகிவிட்டன. திரும்ப அழைக்கப்படுவோருக்கு: ‘தங்கள் சின்னப் படத்தில் நிழல் ஒன்று காணப்படுவதால் பெரிய படத்திற்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். அஞ்ச வேண்டாம்.’ மற்றவர்களுக்கு: ‘உங்களுக்கு நோய் இல்லை.’ இரண்டாவதன் ஆங்கில மூலம் வளவளவென்று நீளம். மூன்று சொல்லில் முடித்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

நோயைக் கண்டுபிடித்தபின் கொடுக்க மருந்தும் படுக்கையும் இருந்தால்தான் இப்படித் தேடுவதில் நியாயம் என்றும் அம்மாள் சொன்னார். சரிதான். இல்லாவிட்டால் சோசியரே போதும். அவருக்கு வண்டிகூட வேண்டாம்.

மார்ச் 15. செவ்வாய்.

மாலை மழை. தபாலில் கடிதம்.

‘அஞ்ச வேண்டாம்.’

மார்ச் 16. புதன்.

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

என் கடிதம் எனக்கே வந்திருக்கிறது. உறைமேல் விலாசம் எங்கள் அலுவலகக் குமாஸ்தாவான கிராணியின் கையெழுத்து. உள்ளே வாசகம் என்னுடையது. வரும் திங்கள், 21, காலை ஒன்பது மணி. மனைவி சரோஜாவிடம் சொல்லவில்லை. காற்சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் நாலு தடவை எடுத்துப் படித்தேன். அச்சுப்பிழை இல்லை.

வாசகத்தில் குறைகள்:
‘நிழல் ஒன்று’ - இந்த ‘ஒன்று’ எதற்கு? எண்ணிப் பார்த்தார்களா?
‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ - கேட்பவர் யார் என்று இல்லை. யமனும் இந்த வினையில்தான் எழுதுவான்.
‘அஞ்ச வேண்டாம்’ - இதைப் படிக்கும்வரை அஞ்சத் தோன்றவில்லை.

கா.நோ. - முழுதாக எழுதக் கை வரவில்லை. இனி இப்படியே.

இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. எடை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போடுகிறேன், எப்போதிலிருந்து என்று நினைவில்லை. மதியம் இருமினேன். வேண்டுமென்று இருமிப் பார்த்தேனா, தானாக வந்ததா என்று சொல்ல முடியவில்லை.

மேலே நிற்பதில் பெரும்பாலும் நல்ல மாவு. இதைக் காலையிலிருந்து ஜபிக்கிறேன். ‘பெரும்பாலும்’ ஒரு கூட்டத்துக்குச் சொல்லும் ஆறுதல். அதில் என் பேர் இல்லை.

மணிக்கு நாலு வயது. என் நெஞ்சில் காதை வைத்துத்தான் தூங்குவாள். “அப்பா வயித்துல பஸ் ஓடுது” என்பாள். இன்று என் பாயை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டேன். புழுக்கம் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

மார்ச் 17. வியாழன்.

எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அடியில் ஆணியால் ஒரு கீறல். மணி வழக்கம்போல என் கோப்பியில் வாய் வைக்க வந்தாள். டம்ளரைத் தலைக்குமேல் தூக்கிவிட்டேன். அழுகை.

சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க இது, புதுசா தனி டம்ளரு?”

“சுத்தம்.”

“யாரு அசுத்தம்? நானா, பிள்ளையா?”

“அப்படி இல்ல.”

“பத்து வருஷமா என் கையால தின்னுட்டு இப்ப என்ன தீட்டு? ஆபீஸ்ல பெரிய மனுஷங்களோட பழகுறீங்கல்ல, வரும் லா இதெல்லாம்.”

நோயை மறைக்கப் போய்ச் சாதி வெறியன் ஆகிவிட்டேன். மறுத்துப் பேச வழியில்லை. ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

முருங்கைக்காய் இன்னும் வாங்கவில்லை.

மார்ச் 18. வெள்ளி.

‘சலித்தெடுத்தல்’ மேலிடத்தில் ஏற்கப்பட்டது. மகிழ்ச்சி இல்லை.

மாலை கீழே கடைக்குப் போனேன். காதர் நானாவுக்கும் கடிதம் வந்திருக்கிறது. மற்றது. காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறார்.

“பாத்தீயளா தம்பி! ‘உங்களுக்கு நோய் இல்லை.’ கவர்மெண்டு முத்திரையோட. எங்க ஊட்டுல சொல்லிக்கிட்டே இருந்தா, டாக்டருகிட்ட காட்டுங்க காட்டுங்கன்னு. இப்ப கடுதாசியக் காட்டிப்புட்டேன், வாய மூடிட்டா.”

“இருமல் எப்படி, நானா?”

“அது நோன்பு இருமலு. தொண்ட காயுதுல்ல. போன மாசம் மொளகா மூட்ட இருமலு. அதுக்கு முன்னாடி மழ இருமலு.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே. போன வருஷம் இதே சட்டை இறுக்கமாக இருந்தது.

இருமாதவனுக்கு நிழல். இருமுகிறவருக்கு நோய் இல்லை. சல்லடை தன் வேலையைச் செய்திருக்கிறது, இரண்டு பக்கமும்.

எதுவும் சொல்லாமல் மாடிக்கு வந்தேன். என் நெஞ்சைப் பற்றி நினைக்கவே நேரம் போதவில்லை என்று காரணம் எழுதிக்கொள்கிறேன். நல்ல காரணம் இல்லை.

மார்ச் 20. ஞாயிறு.

தோபியிடம் போட எடுத்த காற்சட்டையில் சரோஜா கடிதத்தைப் பார்த்துவிட்டாள்.

மணி தாழ்வாரத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். சரோஜா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை உதடு அசைய. பிறகு டம்ளரை எடுத்து அடியிலிருந்த கீறலைப் பார்த்தாள்.

“இதுக்கா?”

“ஆமா.”

“அஞ்சு நாளாவா?”

“ஆமா.”

“இத எழுதினது நீங்கதானே. ஊருக்கெல்லாம் அஞ்ச வேண்டாம்னு எழுதிட்டு, நீங்க மட்டும் அஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”

“எழுதும்போது எனக்கு வரும்னு தெரியாது.”

சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு இல்லை அது. கொஞ்ச நேரம் கழித்து, “பிள்ளைக்கும் படம் எடுக்கணுமா?” என்றாள். இந்தக் கேள்வியை ஐந்து நாளாக நான் என்னிடமே கேட்காமல் இருந்தேன். அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பாய் ஜன்னலோரமே. ஆனால் மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார். பேச்சு உண்டு.

மார்ச் 21. திங்கள்.

நெஞ்சுநோய் மருத்துவமனை. பெஞ்சுகள். எல்லார் கையிலும் அதே கடிதம். சீனத்தில், மலாயில், ஆங்கிலத்தில் வந்தவர்கள் அமைதியாக இருந்ததாகத் தோன்றிற்று. தமிழ்க் கடிதக்காரர்கள்தான் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் துறைமுகத் தொழிலாளியின் மனைவி ஒருவர். படிக்கத் தெரியாது. கடிதத்தை நீட்டி, “என்னதான்யா போட்டிருக்கு? நிழல்ங்கறாங்க, அஞ்சாதேங்கறாங்க. காத்து கருப்பு அடிச்சிருக்குன்னு எங்க வீட்டுக்காரரு வேப்பிலைக்குப் போயிட்டாரு.”

வாசிப்பதுபோல் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “சின்னப் படத்துல சரியாத் தெரியலையாம். இன்னொரு தடவ பெருசா எடுத்துப் பாக்கணுமாம். இப்படிக் கூப்பிடுறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காதாம். இருந்தாலும் மருந்து இருக்காம்.”

“அவ்ளோதானா? இதையே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? எந்த மடையன் எழுதினது?”

“விசாரிக்கிறேம்மா.”

முக்கால்வாசி என்பது என் சொந்தக் கணக்கு. குறித்து வைக்கிறேன்.

பெரிய படம் எடுத்தார்கள். பெரியதாகத்தான் இருந்தது. எச்சில் வேண்டாம், ஆழத்திலிருந்து சளி வேண்டும் என்று டப்பா கொடுத்தார்கள். ஆறு நாளாக இருமலுக்குப் பயந்தவன், இன்று கேட்டபோது இரும முடியாமல் தவித்தேன். கடைசியில் வந்தது. முடிவு வெள்ளிக்கிழமை.

மார்ச் 23. புதன்.

ஒன்றுமில்லை. மழை. ஒரு சுற்றறிக்கை மொழிபெயர்த்தேன், கொசு பற்றி. ‘அஞ்ச’ என்று தொடங்கி அடித்தேன்.

மார்ச் 25. வெள்ளி.

சரோஜாவும் வந்தாள். மணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு. டாக்டர் அம்மாள் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். என் விலாவெலும்புகள் நான் நினைத்ததைவிட ஒழுங்காக இருந்தன. வலப்பக்கம் மேலே, பேனாவால் தொட்டுக் காட்டினார். துவரம்பருப்பு அளவு வெள்ளை.

“பழைய தழும்பு. ஆறிப்போனது. உங்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. போயும் இருக்கிறது. எப்போதாவது மாதக்கணக்கில் இருமினீர்களா?”

யோசித்தேன். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம். மரவள்ளிக்கிழங்கு தின்ற வருஷங்கள். இரண்டு மாதம் இருமினேன்; பசி இருமல் என்று சொல்லிக்கொண்டேன். என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் பிழைக்கவில்லை. அப்போது படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கா.நோ. என் வீட்டில் தங்கிவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறது, பதினைந்து வருஷத்துக்கு முன்பே.

சளியில் கிருமி தெரியவில்லை. அதே சளியை வளர்த்தும் பார்க்கிறார்கள், அதற்கு வாரக்கணக்காகும். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம். மணிக்கும் சரோஜாவுக்கும் சோதனை, நிச்சயத்துக்காக.

“அப்படியென்றால் நோய் இல்லை?” என்றேன்.

“இன்று, இந்தப் படத்தில், தெரியவில்லை.”

“இல்லையா, தெரியவில்லையா?”

“தெரியவில்லை. அதற்கு மேல் எந்தப் படமும் சொல்லாது.” பிறகு, “எங்கள் கடிதத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது?” என்றார்.

ஆங்கிலக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் வளவளவென்று நினைத்தது அதைத்தான்.

சரோஜா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் என்று நினைத்திருப்பாள். நான் கீழ்க்கடைச் சுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நோய் இல்லை. மூன்று சொல்.

டாக்டர் அம்மாளிடம் இரண்டையும் சொன்னேன்: என் மூன்று சொல்லை, கீழ்க்கடை இருமலை. முதலில் இருமலுக்குப் பதில் சொன்னார். “கடிதம் என்ன சொன்னாலும் இருமுகிறவர் வரவேண்டும். நாளைக்கே கூட்டி வாருங்கள்.” பிறகுதான் முகம் சிவந்தது. சிரிப்பு மாதிரி அதற்கும் முன் அனுமதி தேவைப்பட்டது.

மதியம் அலுவலகம். கடிதத்தை உடனே மாற்ற வேண்டும் என்றேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார். அச்சடித்த கட்டு தீர்ந்ததும் மாற்றலாம் என்றார். இன்னும் எவ்வளவு கட்டு? ஒரு அலமாரி. நாளை மதியத்துக்கு மேல் உட்கார்ந்து கையாலேயே திருத்தப் போகிறேன். சாவி கிராணியிடம். கிராணி மறுக்க மாட்டார். அவருக்கும் இந்த வாரம் பெரிய படத்துக்கு ஒரு உறை போயிருக்கிறது.

மாலை, நோன்பு திறக்கும் நேரம். நானா கடையில் கஞ்சி, பேரீச்சம்பழம். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சுவரிலிருந்து கடிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்தேன்.

“என்னா தம்பி, கவர்மெண்டு கடுதாசியில கை வைக்கிறீய?”

“நான் எழுதினது நானா. தப்பா எழுதிட்டேன்.”

‘உங்களுக்கு நோய் இல்லை’ மேல் கோடு போட்டு, மேலே எழுதினேன்: ‘இந்தப் படத்தில் நோய் தெரியவில்லை. இருமல் இருந்தால் வரவும்.’ வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

“அப்ப இருக்கா, இல்லியா?”

“தெரியாது நானா. அதத்தான் எழுதியிருக்கணும்.”

“ஒரு வாரமா ஊரு பூரா வாசிச்சுக் காட்டினேனே.”

“தெரியும்.”

“போன வெள்ளிக்கிழமையே நீங்க இத பாத்தீய. அன்னிக்கு ஏன் சொல்லல?”

‘அஞ்ச வேண்டாம்’ என்று எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது என்றேன். பயந்துகொண்டிருந்தேன் என்றேன். நானா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருமல் கேட்டது. திரும்பி வந்து, “பெருநாளு முடியட்டும், பாப்போம்” என்றார்.

“நாளைக்கு, நானா.”

நானா கல்லாவைப் பூட்டினார்.

மேலே வந்ததும் பாயைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். மணி வந்து காதை வைத்தாள். பஸ் ஓடுகிறதாம்.

மார்ச் 26. சனி.

காலை ஏழு. வெயில் வரவில்லை, மேகம். கீழே இறங்கினால் கடை பாதிதான் திறந்திருக்கிறது. வாசலில் நானா. இஸ்திரி போட்ட சட்டை, சொங்கோ தொப்பி, அத்தர் வாசனை. பெருநாளுக்கு வைத்திருந்த சட்டை போலும்.

“சளியத் துப்பினா நோன்பு முறியாதாம், லெப்பைகிட்ட கேட்டுட்டேன். வாய் வரைக்கும் வந்தத முழுங்குனாத்தான் தகராறாம்.” பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே: “எங்க ஊட்டுலயும் சொல்லிட்டேன். வாய மூடல. இந்தத் தடவ நல்லதுக்குத்தான்.”

பஸ்ஸில் நானா மூன்று தடவை இருமினார். நான் எண்ணுவதை அவர் பார்த்துவிட்டார். அப்புறம் அடக்கிக்கொண்டு வந்தார். அது இன்னும் மோசம்.

அதே பெஞ்சு. டப்பா கொடுத்தார்கள். அவருக்கு என்னைப்போலத் தவிப்பில்லை; கேட்டதும் வந்தது. டப்பாவுக்குள் பார்த்தார். உடனே மூடிவிட்டார். நானும் பார்த்துவிட்டேன்: சிவப்பு.

பெரிய படத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தார். சொங்கோவையும் அந்தக் கடிதத்தையும் என் மடியில் வைத்தார். கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தேன்.

“அஞ்ச வேண்டாம்,” என்றார் நானா, அச்சடித்த தமிழில், சிரிக்காமல்.